‘ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்களாம்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் எங்கள் வீட்டுத் தொழில் மஞ்சள் வியாபாரம். நான் மட்டும் தப்பித்து உயிர்வேதியியல் படித்தேன், கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. முடித்தேன். கடைசியில் சுற்றிச் சுற்றி மஞ்சளிடமே வந்து சேர்ந்தேன். ஏற்றுமதிக்குப் போகும் மசாலாப் பொருட்களைச் சோதிக்கும் கூடத்தில் இப்போது வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதல் எம்.எஸ்ஸி. படிக்கும் மச்சினன் வரை, ஆராய்ச்சி என்று பேச்சு வந்தால் என்னைத்தான் பிடிக்கிறார்கள். கேள்விகளும் அதே கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு எழலாம் என்று எழுதுகிறேன்.

ஏனுங்க, மஞ்சள் கேன்சரைக் குணமாக்கும்னு ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்களாமே?

இதைக் கேட்காத ஆள் ஈரோட்டில் இல்லை. கேள்வியில் கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கிறது, குவிண்டாலுக்கு நாலு காசு ஏறுமே என்று. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பதில், இல்லை.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் செய்தவை. தட்டில் கிடக்கும் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது பெரிய காரியமில்லை, பினாயில் ஊற்றினாலும் சாகும். நாம் விழுங்கியது கட்டி இருக்கும் இடம்வரை போய்ச் சேருகிறதா என்பதுதான் விஷயம். குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உள்ளே போன கொஞ்சத்தையும் உடம்பு சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. மஞ்சளிலேயே அது நூற்றுக்கு மூன்று பங்குதான், கொஞ்சம் முன்னே பின்னே.

இன்னொரு வம்பும் உண்டு. குர்குமின் தானாகவே ஒளிரும், கண்ட புரதங்களோடெல்லாம் ஒட்டும். ஒளியை அளந்து முடிவு சொல்லும் சோதனைகளில் இதைப் போட்டால், மருந்து வேலை செய்யாவிட்டாலும் செய்தமாதிரி அளவு காட்டும். 2017-ல் கேத்ரின் நெல்சனும் அவருடைய சகாக்களும் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் இதையெல்லாம் விரிவாக எழுதினார்கள். மனிதர்களிடம் நடந்த 120-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சுட்டி, மருந்து எது, வெற்று மாத்திரை எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றார்கள். அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் சண்டை முடியவில்லை என்றால், வாட்ஸ்அப்பில் வருவதுபோல் அது ‘நிரூபணம்’ ஆகிவிடவில்லை என்றுதானே பொருள்.

குர்குமின் மேல் இவ்வளவு கூட்டம் சேர்ந்ததற்கு ஒரு காரணம், அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இருந்த பரத் அகர்வால். அவர் எழுதிக் குவித்த கட்டுரைகளை உலகமே மேற்கோள் காட்டியது. பின்னாளில் அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன, பெரும்பாலும் படங்களில் இருந்த குளறுபடிகளால். அவற்றை நம்பி மேலே கட்டடம் எழுப்பியவர்களின் கட்டுரைகள் அப்படியே நிற்கின்றன.

ரசத்துக்குப் போடுங்கள், பாலில் போடுங்கள், தப்பில்லை. குர்குமினைச் செறிவாக்கி மிளகுச் சாரம் சேர்த்து விற்கும் கேப்சூலை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தின்னாதீர்கள். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள்.

பேடன்ட் கேஸில் அமெரிக்காவே மஞ்சளை ஒத்துக்கிட்டதே?

எதை ஒத்துக்கொண்டது என்று பாருங்கள். 1995-ல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடியது. பழைய சமஸ்கிருத நூல், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என்று சான்றுகளை அடுக்கியது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. காரணம், ‘இது புதிதல்ல, இவர்களுக்கு முன்பே தெரியும்’ என்பது. ‘இது குணப்படுத்துகிறது’ என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. பழையது என்பது வேறு, சோதித்துப் பார்த்தது என்பது வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

அப்போ ஆராய்ச்சி பண்றவங்க பொய் சொல்றாங்களா?

சிலர் சொல்கிறார்கள். ஜப்பானில் யோஷிடாகா ஃபுஜி என்ற மயக்க மருந்து நிபுணர் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் எண்களை இட்டுக்கட்டினார். நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாபல் என்ற உளவியல் பேராசிரியர் கேள்வித்தாளை அச்சடித்து, பதிலை வீட்டில் உட்கார்ந்து தானே நிரப்பினார். 2011-ல் மாட்டினார். பத்திரிகைக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். ஆனால் பெரிய சேதம் இவர்களால் வருவதில்லை.

மண்டியில் ஏலம் எப்படி நடக்கிறது? விவசாயி வைக்கும் சாம்பிளைப் பார்த்து, ஒரு விரலியை எடுத்து உடைத்து உள்நிறம் பார்த்து, வியாபாரி விலை எழுதிப் போடுகிறார். சாம்பிளுக்கு மட்டும் நல்ல விரலியாகப் பொறுக்கி வைத்தால்? அந்த விரலி ஒவ்வொன்றும் அசல் மஞ்சள்தான், அதில் பொய்யே இல்லை. ஆனாலும் மூட்டையைப் பற்றி அது சொல்வது பொய்.

ஆராய்ச்சியிலும் அதேதான். மன அழுத்தத்துக்கான 12 மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னர் என்பவரும் மற்றவர்களும் எடுத்து, எவை இதழ்களில் வெளிவந்தன என்று தேடினார்கள். 2008-ல் முடிவு வந்தது. சாதகமாக முடிந்தவை 38. அவற்றில் 37 வெளியாயின. சாதகமில்லாதவை அல்லது சந்தேகமானவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகமானதுபோல் திருப்பி எழுதப்பட்டு வெளிவந்தன, உள்ளது உள்ளபடி வந்தவை 3. இதழ்களை மட்டும் படிக்கும் மருத்துவருக்கு, ஏறக்குறைய எல்லா ஆய்வும் ஜெயித்ததுபோல் தெரியும். உண்மையில் பாதிக்குப் பாதி. சாம்பிளை மட்டும் பார்த்து விலை போட்டவர் கதைதான்.

கட்டுரையில் ‘பி மதிப்பு 0.05-க்குக் கீழ்’ என்று போட்டால் நம்பலாமா?

பயனே இல்லாத ஒரு உரத்தை வைத்துக்கொள்வோம். அதை இருபது தோட்டத்தில் போட்டுப் பார்க்கிறோம். ஒரு தோட்டத்தில் விளைச்சல் தற்செயலாகக் கொஞ்சம் கூடிவிடும். மழை, மண், ஆட்டுப் புழுக்கை, எதுவோ ஒன்று. விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. 0.05 என்பது அந்த இருபதில் ஒன்று. விளைவே இல்லாத இடத்திலும் இருபதுக்கு ஒரு தடவை ‘விளைவு இருக்கிறது’ என்று காட்டிவிடும் என்று ஏற்றுக்கொண்டு போட்ட கோடு அது. ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் வசதிக்காகச் சொன்ன எண். இன்று பேராசிரியர் பதவி அந்தக் கோட்டில் தொங்குகிறது.

ஆகவே பத்தொன்பது தோட்டத்தை மறைத்து ஒன்றைக் காட்டினால் எதையும் ‘நிரூபிக்கலாம்’. ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் 2015-ல் இதைச் செய்தே காட்டினார். 15 பேரை வைத்து ஒரு ஆய்வு, ஒவ்வொருவரிடமும் 18 வகை அளவுகள். ஏதாவது ஒன்று கோட்டுக்குக் கீழே விழுந்தே தீரும். விழுந்தது. ‘சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும்’ என்று உலகப் பத்திரிகைகள் போட்டன. அப்புறம் அவரே நடந்ததைச் சொன்னார். முதலில் வந்த செய்தி ஓடிய தூரத்துக்கு இரண்டாவது ஓடவில்லை.

பெரிய இதழ்களில் வந்த ஆய்வுகளுமா திரும்பச் செய்தால் வருவதில்லை?

ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம், புற்றுநோய் ஆராய்ச்சியில் முக்கியமானவை என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததாக 2012-ல் எழுதியது. ஒத்துவந்தவை 6. உளவியலில் 100 ஆய்வுகளைப் பல நாட்டவர் சேர்ந்து மறுபடி செய்தார்கள், 2015-ல் வெளியிட்டார்கள். முதலில் விளைவு உண்டு என்று சொன்னவை 97. மறுபடி செய்தபோது விளைவு காட்டியவை மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

வெளியான ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை ஏன் தவறு என்று ஜான் அயோனிடிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 2005-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். சிறிய எண்ணிக்கை, சிறிய விளைவு, பலபேர் ஓடும் பந்தயம், முடிவில் யாருக்கோ லாபம். இவை சேரும் இடத்தில் தவறு பெருகும் என்பது அவர் வாதம்.

என் வேலையில் ஒரே மூட்டைச் சாம்பிளை வேறொரு கூடத்துக்கும் அனுப்பி, அளவு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது வழக்கம். சந்தேகம் வந்தால் மறுபடி சோதிக்க, ஒரு பொட்டலத்தை எதிர்ச் சாம்பிளாக எடுத்தும் வைப்போம். வெளிநாட்டுக்குப் போகும் மிளகாய்த்தூளுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, நம் உடம்புக்குள் போகும் மருந்தின் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பல நேரம் கிடைப்பதில்லை. ஏனென்றால் மற்றவர் செய்ததைத் திரும்பச் செய்தவருக்குப் பதவி உயர்வு கிடையாது.

நிபுணர்கள் படித்துப் பார்த்துத்தானே வெளியிடுகிறார்கள்?

படிக்கிறார்கள். சம்பளம் இல்லாமல், ராத்திரி பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு. 1998-ல் வெளிவந்த ஒரு ஆய்வுக்காக, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைச் செருகித் தன் மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பியது. பதில் எழுதியவர்கள் 221 பேர். சராசரியாக அவர்கள் கண்டுபிடித்தது 2.

மதிப்பாய்வாளர் முன்னால் இருப்பது எழுதிய காகிதம். நோட்டுப் புத்தகம் இல்லை, எலி இல்லை, நோயாளி இல்லை. கொரோனா நேரத்தில், 2020 மே மாதம், லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், சுமார் 96,000 நோயாளிகள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொடுத்தவர்களில் கூடுதலாகச் சாவு என்றது. உலகச் சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்தப் பகுதியை நிறுத்தி வைத்தது. தரவு கொடுத்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற சிறு நிறுவனம். ஆஸ்திரேலியாவில் அந்தத் தேதிவரை செத்தவர்களைவிட அதிகச் சாவு அந்தத் தரவில் இருப்பதை வெளியாட்கள் கவனித்தார்கள். மூலத் தரவைக் காட்டு என்றதும் நிறுவனம் காட்டவில்லை. இரண்டே வாரத்தில், ஜூன் 4 அன்று, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பாய்வு கோட்டைவிட்டதை, வெளியானபின் படித்தவர்கள் பிடித்தார்கள். ஒரு கட்டுரை வெளியாவது சோதனையின் தொடக்கம் என்று நான் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

ஏன் இப்படிக் கட்டுரை போட அலைகிறார்கள்?

எண்ணுவது எளிது, அதனால்தான். ஒருவர் செய்த வேலை நல்லதா என்று அறிய அதைப் படிக்க வேண்டும். எத்தனை போட்டார் என்று அறிய விரல் போதும். வேலை கிடைக்க இத்தனை, இணைப் பேராசிரியராக இத்தனை, கல்லூரி தரவரிசையில் ஏற இத்தனை. காலை எட்டு மணிக்கு வார்டு, பத்து மணிக்கு ஓ.பி. என்று ஓடும் மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்கும் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். அவர் எந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்வார்?

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மருந்து கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகள், ஒரு குழுவுக்கு ஆறு. சாறு குடித்த ஆறில் இரண்டுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. பி மதிப்பு 0.11. கைடு பார்த்துவிட்டு, “அதுக ரெண்டும் சரியாத் தின்னிருக்காது கண்ணு, விட்டுரு” என்றார். நல்ல மனுஷர். ஃபீஸ் கட்ட முடியாத மாணவனுக்குத் தன் கையிலிருந்து கொடுத்தவர். நான் விட்டேன். நாலு எலியோடு 0.03 வந்தது. அந்த வருடம் ஒரு கட்டுரை போடாவிட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்ற விதி இருந்தது. அந்த இரண்டும் சரியாகத் தின்னவில்லை என்று நானும் நம்பினேன். தீவன எடையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. சாறு வேலை செய்த நாலும் ஒழுங்காகத் தின்றனவா என்றும் யாரும் கேட்கவில்லை.

2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. தனியாக விதி வைத்துக் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, உங்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, பணம் கட்டினா மூணே நாள்ல பேப்பர் போடறோம்னு மெயில் வருது. போடலாமா?

போடாதே தம்பி.

முன்னே சொன்ன பொஹானன்தான், 2013-ல் ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய்ச் செல்லைத் தடுக்கிறது என்று. லைக்கன் என்றால் வேறொன்றுமில்லை, நம் குருமாவில் போடும் கல்பாசி இனம். கட்டுரையில் இருந்த ஓட்டைகள் எந்த வேதியியல் மாணவன் கண்ணிலும் படும்படி வைத்தவை. 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நம் நாட்டில் 2018-ல் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. பிறகு ‘கேர்’ என்று வேறு பட்டியல் வந்தது. 2025-ல் அதையும் கைவிட்டு, கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார்கள். ஆக இனி உன் தலையில்தான் பொறுப்பு.

இதைவிட மோசம், கட்டுரையை மொத்தமாக எழுதித் தந்து ஆசிரியர் இடத்தை விற்கும் தொழிற்சாலைகள். முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாம் பெயருக்கு ஒரு விலை. பிறர் எழுதியதைத் திருடி, மாட்டாமலிருக்க மென்பொருளில் போட்டு வார்த்தையை மாற்றுவார்கள். கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக்காரரும் நண்பர்களும் 2021-ல் இப்படிச் சிதைந்த சொற்களைத் தேடிப் பட்டியல் போட்டார்கள். ‘செயற்கை நுண்ணறிவு’ என்பது ‘கள்ள உணர்வு’ என்று வந்திருந்தது. ‘மார்பகப் புற்றுநோய்’ என்பது ‘மார்பின் பேராபத்து’. சிரிப்பாகத்தான் இருக்கும், மருத்துவ இதழில் அச்சாகியிருக்கிறது என்று தெரியும்வரை. 2023-ல் மட்டும் உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் எட்டாயிரத்துக்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்துடையவை.

இதழைச் சோதிக்க ஒரு வழி: அதில் போன வருடம் வந்த நாலு கட்டுரையை உட்கார்ந்து படி. படிக்கவே முடியவில்லை என்றால், உன் பெயர் அங்கே எதற்கு?

வேலையே செய்யாதவர் பெயரையும் கட்டுரையில் போடச் சொல்கிறார்கள்.

துறைத் தலைவர், கைடின் நண்பர், கைடின் நண்பரின் மருமகள். தெரியும். சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதிப்படி, ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், நாளை கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு, இந்த நாலும் இருப்பவரே ஆசிரியர். வெளியூர் மாணவனுக்கு இந்த விதியைக் காட்டிக் கைடிடம் வாதாடு என்று நான் அறிவுரை சொல்ல மாட்டேன், கையெழுத்து அவர் கையில் இருக்கிறது. ஆனால் யார் எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்று நோட்டில் எழுதிவை. நாளைக்குக் கேள்வி வந்தால் நோட்டுதான் பேசும்.

அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததா?

நம் ஊரிலேயே பாருங்கள். கரும்பு கோவையில் நன்றாகப் பூத்து விதை பிடிக்கும், அதனால் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே வந்தது. அங்கே இருந்த ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் தோட்டக் கரும்பைக் காட்டு இனமான பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்தது. அந்த ‘கோ’ கோயமுத்தூர்தான். ஆறு வருடம். இன்றைய மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த ஆறு வருடத்துக்கு எதிரே என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று சொல்லவில்லை. இதே கரும்பின் மறுமுனையைப் பாருங்கள். 1960-களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலை அமைப்பு ஒன்று ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து எழுத வைத்தது. இதய நோய்க்குக் கொழுப்பைக் குறைசொல்லி, சர்க்கரையைத் தப்பவிட்டு, 1967-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளியானது. பணம் யாருடையது என்று அதில் இல்லை. பழைய கடிதங்கள் கிடைத்து விஷயம் வெளியே வந்தது 2016-ல்.

முட்டை நல்லதா கெட்டதா? மாத்தி மாத்திச் சொல்றாங்களே.

நாமக்கல் உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்பது. 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. 2015-ல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பையே எடுத்துவிட்டது. உணவு ஆராய்ச்சியில் முக்கால்வாசி, ‘போன வருடம் வாரத்துக்கு எத்தனை முட்டை சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டு எழுதிக்கொள்வது. முந்தாநாள் மதியம் என்ன பொரியல் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? சர்க்கரை நோயோ இதய நோயோ இல்லாதவர் தினம் ஒரு முட்டைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். இருப்பவர் தன் மருத்துவரைக் கேட்கட்டும்.

இவ்வளவு ஓட்டை இருந்தா, தடுப்பூசியை மட்டும் எப்படி நம்பறது?

நான் பயப்படும் கேள்வி இதுதான். மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு ஒரே ஒரு கட்டுரையில் இருந்து வந்தது. 1998, லான்செட், ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட், 12 குழந்தைகள். தகவல்கள் திரிக்கப்பட்டிருந்தன. 2010-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். இதற்கு எதிரே, 2019-ல் வெளியான டென்மார்க் ஆய்வு மட்டும் 6,57,461 குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. தொடர்பு இல்லை. இப்படிப் பல நாடுகளில், பல கைகளில், பல முறை. ஒருவர் ஒரு விரலியை உடைத்துக் காட்டுவதும், ஊரே சேர்ந்து லோடு முழுவதையும் கொட்டிப் பார்ப்பதும் ஒன்றா? சந்தேகப்படத் தெரிந்தவருக்கு எதைச் சந்தேகப்பட வேண்டாம் என்றும் தெரிய வேண்டும்.

மாமா, ஆஸ்பத்திரியில அப்பாவை ஒரு ஆய்வுல சேரச் சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?

போடலாம், கேட்டுவிட்டு. நல்ல ஆய்வில் யாரும் சேராவிட்டால் நல்ல மருந்தும் வராது. முதலில் மருத்துவரிடம் இப்படிக் கேளு: “இந்த மருந்து அப்பாவுக்குப் பலன் தரும்னு தர்றீங்களா, இல்ல பலன் தருமான்னு பார்க்கத் தர்றீங்களா?” இரண்டாவது என்றால் அது ஆராய்ச்சி, சிகிச்சை இல்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அப்பாவுக்கு எந்த மருந்து என்று முடிவாகலாம்.

ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பதிவெண் கேள். 2007-ல் தொடங்கிய பதிவேடு, 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்கு அதில் பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். என்ன அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அதில் எழுதியிருப்பார்கள், பின்னால் வசதிக்கு மாற்றினால் அதுவும் பதிவில் தெரியும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி வீட்டுக்கு வர வேண்டும். வீட்டில் கலந்து பேச ஒரு நாள் கேள். இப்போதே போடு என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவச மருத்துவமும், ஆய்வுதான் காரணம் என்று தெரிந்தால் இழப்பீடும் தர வேண்டும். 2019-ல் வந்த மத்திய அரசு விதிகளில் இருக்கிறது. ஆய்வு மருந்துக்கு உன்னிடம் காசு கேட்டால், அங்கே ஏதோ சரியில்லை.

கட்டுரையைப் படிக்கலாம்னா காசு கேக்குதே?

ஆமாம். அரசுப் பணத்தில் ஆய்வு, சம்பளமில்லாமல் மதிப்பாய்வு, அப்புறம் படிக்கவும் காசு. அரசுக் கல்லூரியில் இருந்தால், 2025-லிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் இதழ்கள் கிடைக்கும். மூன்று வருடத்துக்கு ரூ.6,000 கோடி. அதற்கு வெளியே இருந்தால் கட்டுரை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள், தன் கட்டுரையை ஒருவர் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில்.

நீங்கள் விட்ட அந்த இரண்டு எலிகள்?

மச்சினன்தான் கேட்டான். நோட்டில் இருக்கின்றன, எண் 3, எண் 5. இரண்டு வருடம் முன்பு அந்த இதழுக்குத் திருத்தம் எழுதலாம் என்று தேடினேன். இதழே இல்லை. அந்த இணைய முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. திரும்பப் பெறுங்கள் என்று யாரிடம் கேட்பது? கட்டுரையை மட்டும் அங்கங்கே இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். கைடு ஓய்வு பெற்றுவிட்டார். போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தீவன எடையை அப்போது எழுதி வைத்திருக்கிறேனா என்று கேட்டார். வைத்திருக்கிறேன். ரெண்டும் நன்றாகத்தான் தின்றிருக்கின்றன.

போன மாதம் அம்மா பவானியிலிருந்து ஒரு ஆவாரம்பூப் பொடிப் பொட்டலம் வாங்கி வந்தார்கள். பின்னால் ‘சர்க்கரையைக் குறைப்பதாக ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தது. எந்த ஆய்வு என்று போடவில்லை. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை மறுபடி திருப்பிப் பார்த்தேன்.